முயலுக்கு ஒரு நீதி, எலிக்கு ஒரு நீதி

கோலார் தங்கவயலின் வட முனையில் இருக்கிறது பாலகாட். தெற்கே மைசூர் சுரங்கம், அதை அடுத்து சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், கடைசியில் பாலகாட் என ஐந்து சுரங்கங்கள் ஒரே தங்கப் படிவின் மீது வரிசையாக நின்றன. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனி அங்கே காலூன்றியது. 2001 பிப்ரவரி 28 அன்று பொதுத்துறையின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவடைத்தது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் அந்த மண்ணை விட்டுப் போயிற்று. தங்கத்தைச் சுமந்திருந்த பாறை மட்டும் மாவாக அரைக்கப்பட்டு, சயனைடு கரைசலில் கழுவப்பட்டு, மேடுமேடாக ஊரைச் சுற்றிக் கொட்டப்பட்டது. இன்றும் காற்றடிக்கும் மாதங்களில் அந்தச் சயனைடு மண்மேடுகளின் தூசுதான் தொழிலாளர் லைன் வீடுகளின் வாசலிலும் அடுப்படியிலும் படிகிறது.

தங்கத்தின் விலை ஏறிய பிறகு அந்த மேடுகளின் மீது அரசுகளின் பார்வை மீண்டும் விழுந்திருக்கிறது. சுமார் 1,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் 13 மண்மேடுகளைக் கிளறி, எஞ்சிய தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. ஏறத்தாழ 330 லட்சம் டன் அரைத்த பாறை மறுபடியும் புரட்டப்படப் போகிறது. நிலம் யாருக்கு, நிலுவை எவ்வளவு என்றெல்லாம் பேசப்படுகிறது. அந்தத் தூசை மூச்சிழுக்கப் போகும் நெஞ்சுகளைப் பற்றிய பேச்சு எங்கே?

இப்படியொரு கேள்வி எழும்போதெல்லாம் மூலதனமும் அதன் அரசும் தரும் பதில் நூறு ஆண்டுகளாக மாறவில்லை: "ஆய்வு செய்ய வேண்டும், இன்னும் போதிய ஆதாரம் இல்லை." அரைபட்ட வெங்கச்சங்கல்லின் தூசு நுரையீரலை என்ன செய்யும் என்பதற்கான ஆய்வு எப்போதோ முடிந்துவிட்டது. முயலின் நெஞ்சிலும், கினிப் பன்றியின் நெஞ்சிலும், எலியின் நெஞ்சிலும் அது செய்து பார்க்கப்பட்டது. அவற்றுக்கு முன்பே, யாருடைய ஒப்புதலும் கேட்கப்படாமல், கோலார் தங்கவயல் தொழிலாளியின் நெஞ்சில் செய்து பார்க்கப்பட்டது. அறிவு குறைவாக இருந்ததால் எந்தத் தொழிலாளியும் சாகவில்லை. கையிலிருந்த அறிவுக்குத் தீர்ப்பு எழுதும் உரிமை முதலாளியிடம் இருந்ததால்தான் செத்தார்கள்.

எண்ணப்படாத நெஞ்சுகள்

வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறை படிகச் சிலிகாவால் ஆனது. துளைக்கும்போதும் வெடிக்கும்போதும் அரைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பறக்கின்றன. பெரிய துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் சிறியவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கே காவலுக்கு நிற்கும் விழுங்கு செல்கள் அந்தத் துகளைத் தின்னும். செரிக்க முடியாமல் தாமே செத்துச் சிதறும். வெளிவந்த துகளை அடுத்த செல் தின்னும். ஓயாத இந்த அழற்சியில் மென்மையான காற்றறைச் சுவர் நாராகித் தழும்பேறுகிறது. இதுவே சிலிகோசிஸ். படிக்கட்டு ஏறும்போது வாங்கும் மூச்சில் தொடங்கி, படுத்த இடத்தில் மூச்சுக்குத் தவிப்பதில் முடியும் நோய் அது. தழும்பேறிய நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும்; புற்றுநோயின் அபாயமும் கூடும். தூசை விட்டு விலகிய பிறகும் நோய் வளரும். அதைக் குணமாக்க இன்றுவரை மருந்து இல்லை.

இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் பதிவானது கோலார் தங்கவயலில்தான். 1947இல் வெளியான மருத்துவ ஆய்வின்படி, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்! வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் விரட்டியதால் வந்து இறங்கிய மக்கள் அவர்கள். நிலத்தடியில் இறங்கியோரில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். மேலே 'குட்டி இங்கிலாந்து' என்று பெருமை பேசப்பட்ட பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும். கீழே மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை, 60 டிகிரியைத் தாண்டிய பாறைச் சூட்டில், தூசும் வெடிப்புகையும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவந்து ஆசியாவே வியக்கும்படி இயந்திரங்களை ஓட்டத் தெரிந்த கம்பெனி அது. 1940இல் மைசூர் சமஸ்தானம் சிலிகோசிஸ் விதிகளை வகுத்த பிறகே இந்த நோய்க்கு அங்கே இழப்பீட்டு உரிமை பிறந்தது. சுரங்கம் தொடங்கி அதற்குள் அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த அறுபது ஆண்டுகளில் மூச்சடைத்துச் செத்தவர்களை எண்ணியவர் யார்?

ஆய்வுக்கூடத்து எலிக்கு இந்த நாட்டில் ஏடு உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அதற்கென ஒரு குழுவை அமைக்க வழி செய்தது. 1998இல் தனி விதிகள் வந்தன. எத்தனை எலி, எந்த இனம், எவ்வளவு மருந்து, எத்தனை நாள், எப்படி முடிவு என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். இது சரியான ஏற்பாடு. வாயற்ற உயிருக்குப் பாதுகாப்பு இருப்பதை எந்தத் தொழிலாளியும் குறைசொல்ல மாட்டான். தன் நெஞ்சுக்கு அப்படியொரு ஏடு ஏன் இல்லை என்பதுதான் அவனது கேள்வி.

முயல் பிழைத்தது, மனிதனுக்குத் தூசு ஊட்டப்பட்டது

தூசு நோய் குறித்த விலங்குச் சோதனையின் வரலாற்றில் தங்கச் சுரங்க முதலாளிகளுக்குத் தனி இடம் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் மெக்கின்டைர் என்ற தங்கச் சுரங்கம் இருந்தது. கோலாரைப் போலவே அங்கும் வெங்கச்சங்கல் பாறை, அங்கும் சிலிகோசிஸ். இழப்பீட்டுச் செலவு ஏறியபோது நிர்வாகம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. 1930களின் இறுதியில் முயல்களைச் சிலிகாத் தூசில் வைத்துப் பார்த்தார்கள், நுரையீரல் தழும்பேறியது. சிலிகாவோடு சிறிது அலுமினியத் தூளையும் கலந்து கொடுத்தபோது தழும்பு தடைபட்டதாகக் கண்டார்கள்.

சில முயல்களின் நெஞ்சைப் பார்த்து எழுதிய அந்த முடிவு போதுமானதாக இருந்தது. 1943 முதல் சுரங்கத்தில் இறங்குமுன் தொழிலாளர்களை உடை மாற்றும் அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, கருநிற அலுமினியத் தூளைக் காற்றில் பரப்பினார்கள். பத்து நிமிடம் ஆழ மூச்சிழுத்த பிறகே வேலை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கங்களுக்கும் இந்த 'சிகிச்சை' ஏற்றுமதியானது. ஒண்டாரியோவில் 1979 வரை இது தொடர்ந்தது. அந்தத் தூளை மூச்சிழுத்த சுரங்கத் தொழிலாளர்களிடையே பார்க்கின்சன் நரம்பு நோய் மிகுதியாக இருப்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2022இல் ஒண்டாரியோ அரசு மன்னிப்புக் கேட்டது.

தூசைக் குறைக்கத் துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். காற்றோட்டக் குழாய்களைப் பெருக்க வேண்டும். வெடித்த பிறகு தூசு அடங்கும் வரை வேலையை நிறுத்த வேண்டும். இவை அன்றே தெரிந்த வழிகள்தாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் உற்பத்தியிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பத்து நிமிட அலுமினியத் தூள் மலிவானது. முதலாளி அறிவியலை வெறுக்கவில்லை. மலிவான பதிலைத் தரும் அறிவியலைத் தேர்ந்தெடுத்தான். முயலுக்கு நல்லது நடந்தால் அது மனிதனுக்கும் நடக்கும் என்று அன்று ஒரு கம்பெனி மருத்துவரும் ஐயமின்றி நம்ப முடிந்தது.

சுண்டெலியின் புற்று பூட்டிவைக்கப்பட்டது

அதே காலத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சாரனாக் ஏரிக்கரையில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. லெராய் கார்ட்னர் என்ற ஆய்வாளர் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தூசை விலங்குகளுக்குச் செலுத்திச் சோதித்தார். 1936இல் அதற்குப் பணம் கொடுத்தவை கல்நார்க் கம்பெனிகள். முடிவுகள் பணம் கொடுத்தவர்களுக்கே சொந்தம், அவர்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. 1943இல் கார்ட்னர் தமது முடிவுகளின் சுருக்கத்தை அனுப்பினார். நீண்ட கல்நார் இழைத் தூசை மூச்சிழுத்த 11 சுண்டெலிகளில் 9க்கு நுரையீரல் கட்டி. நூற்றுக்கு 81.8!

கார்ட்னரே இதை எச்சரிக்கையோடுதான் எழுதினார். அந்தச் சுண்டெலி இனம் கட்டிக்கு எளிதில் ஆட்படக்கூடியது, மறு சோதனை வேண்டும் என்றார். அந்த மறு சோதனைக்குக் கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. 1946இல் அவர் இறந்தார். 1951இல் ஆய்வு அச்சேறியபோது புற்றுநோய் பற்றிய பகுதி அதில் இல்லை; பணம் கொடுத்தவர்கள் அதை நீக்கச் செய்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, நோயுற்ற தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளில்தான் இந்தக் கடிதங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே! முயல் பிழைத்தது என்ற செய்தி சில ஆண்டுகளில் கண்டம் கடந்து சுரங்கம் சுரங்கமாகப் பரவியது. சுண்டெலிக்குக் கட்டி வந்தது என்ற செய்தி அலமாரிக்குள் போயிற்று. இரண்டும் விலங்குச் சோதனைதான். இரண்டும் சிறிய எண்ணிக்கைதான். ஒன்று செலவைக் குறைத்தது. மற்றொன்று செலவைக் கூட்டியிருக்கும். வேறுபாடு அவ்வளவே.

எலிக்கு ஆறு மணி நேர ஷிஃப்ட்

சிலிகாவுக்கு வருவோம். இந்தியாவுக்கும் இதில் தனக்கென்று ஓர் ஆய்வு மரபு இருந்தது. 1965இல் லக்னோவில் தொடங்கப்பட்ட தொழிற்சாலை நச்சியல் ஆய்வு மையத்தின் நிறுவன இயக்குநர் எஸ். எச். சைதி, விலங்குகளில் தூசு நுரையீரல் நோயை உண்டாக்கி ஆராய்ந்தவர். அந்தச் சோதனைகள் பற்றிய அவரது நூல் 1969இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றால் வெளியிடப்பட்டது. ஆகவே வெளிநாட்டில்தான் தெரியும், நமக்குத் தெரியாது என்று சொல்ல எந்த இந்திய அரசுக்கும் வாய் இல்லை. சைதியின் நூல் அச்சேறிய நாளில் கோலார் சுரங்கங்கள் இந்திய அரசின் கையில்தான் இருந்தன.

1980களில் ஜெர்மன் ஆய்வாளர்கள் எலிகளைக் குவார்ட்ஸ் தூசில் இரண்டு ஆண்டுகள் வைத்தார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் தூசு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள். எலிகளின் நுரையீரலில் தழும்பு ஏறியது. அதன் பின் கட்டிகளும் வந்தன. தூசில்லாத காற்றை மூச்சிழுத்த எலிகளோடு ஒப்பிட்டபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அந்த எலிகளின் ஷிஃப்ட் சுரங்கத் தொழிலாளியின் ஷிஃப்டைவிடக் குறுகியது என்பதையும், அவற்றுக்கு வாரம் இரண்டு நாள் ஓய்வு இருந்தது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இத்தகைய விலங்குச் சான்றுகளையும், சுரங்கம், கல்லுடைப்பு, மட்பாண்டம் போன்ற தொழில்களில் செத்த மனிதர்களின் சான்றுகளையும் ஒருசேர ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் தீர்ப்பு எழுதியது: தொழிலிடத்தில் மூச்சிழுக்கப்படும் படிகச் சிலிகா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், முதல் தொகுதியில் இடம். புகையிலைப் புகைக்கும் கல்நாருக்கும் உரிய அதே தொகுதி அது.

உடனே எழுந்தது தொழில்துறையின் எதிர்வாதம்: "எலி வேறு, மனிதன் வேறு. எலியின் நுரையீரல் தூசை வெளியேற்றத் திணறுகிறது. அதனால்தான் கட்டி வருகிறது. வெள்ளெலிக்கும் சுண்டெலிக்கும் சிலிகாவால் அப்படிக் கட்டி வரவில்லையே?" இந்த வாதத்தில் அறிவியல் துணுக்கு ஒன்று இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. எல்லா விலங்கிலும் ஒரே முடிவு கிடைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் எலியை மட்டும் நம்பி அந்தத் தீர்ப்பு எழுதப்படவில்லை. மனித நுரையீரல் தந்த சான்று அதற்குள் மலைபோல் குவிந்திருந்தது. மனிதனின் சான்று முன்னால் கிடக்கும்போது எலியின் உடற்கூற்றைப் பற்றித் தர்க்கம் செய்வது நேரத்தை வாங்குவதற்காகத்தான்.

முயல் பிழைத்தபோது முயலும் மனிதனும் ஒன்று. எலி செத்தபோது எலி வேறு, மனிதன் வேறு. முயலுக்கு ஒரு நீதி, எலிக்கு ஒரு நீதி. இந்த நீதிக்குப் பெயர் அறிவியல் அன்று, லாபம்.

வாங்கப்பட்ட நேரத்தின் அளவையும் பார்க்கலாம். ஒரு கனமீட்டர் காற்றில் சிலிகாத் தூசு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க அரசின் சொந்தத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1974இல் பரிந்துரைத்தது. அது அங்கே சட்டமானது 2016இல். இடையில் 42 ஆண்டுகள். ஒரு தொழிலாளியின் முழுப் பணிக்காலம். மேற்சொன்ன எலிகள் மூச்சிழுத்த தூசு இந்த வரம்பைப் போல் இருபது மடங்கு. காலடியில் வெடிக்கும் பாறையைத் துளைப்பவனின் முகத்தருகே பறக்கும் தூசுக்கு அந்நாளில் எந்த எலிக்கூண்டின் அளவுகோலும் போதியிருக்காது.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாளைப் பற்றி எழுதும்போது, இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிலாளர்களின் நெஞ்சு நோய் குறித்து மருத்துவர்கள் தந்த வாக்குமூலங்களை வரிசையாக எடுத்து வைத்தார். அதுவும் சிலிகாத் தூசுதான். 1867இல் ஒரு நூலில் அச்சான செய்தி, எலிகளின் நுரையீரல் வழியாக மறுபடியும் நிரூபிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லப்பட்டது.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் பிளியோமைசின் என்ற மருந்தைச் செலுத்திச் சுண்டெலியின் நுரையீரலைத் தழும்பேறச் செய்து, அதை இளக்கும் புது மருந்துகளைத் தேடுகிறார்கள். அந்த வழியில் வந்த மருந்துகள் சில நுரையீரல் தழும்பு நோய்களின் வேகத்தைக் குறைக்கின்றன, நோயைப் போக்குவதில்லை. அந்த ஆராய்ச்சி தொடர வேண்டும். ஆனால் சிலிகோசிஸ் இயற்கை தந்த நோயன்று. தண்ணீர், காற்றோட்டம், மூடிய இயந்திரம் ஆகியவற்றால் முற்றிலும் தடுக்கக்கூடியது. தடுப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு மருந்து வரும் என்று சொல்வது, வெட்டிய பிறகு கட்டுப்போடுகிறேன் என்று சொல்வதாகும்.

இரண்டு ஆண்டுச் சட்டமும் இருபது ஆண்டு நோயும்

"சுரங்கம்தான் மூடியாயிற்றே, இனி என்ன சிலிகோசிஸ்?" என்று கேட்போர் உண்டு. நோயின் இயல்பு அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே கேட்கிறார்கள். சிலிகோசிஸ் பொதுவாகப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே முற்றி வெளிப்படும். 2001இல் சுரங்கத்தை விட்டு ஏறிய முப்பது, நாற்பது வயதுத் தொழிலாளி இன்று அறுபதை நெருங்குகிறார் அல்லது கடந்துவிட்டார். அவரது நெஞ்சில் படிந்த கல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

சட்டமோ அவரை 2003லேயே கைகழுவிவிட்டது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சிலிகோசிஸைத் தொழில் நோயாக ஏற்றிருந்தது. ஆனால் வேலையை விட்டவருக்கு, விட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றுவதையே அது கணக்கில் கொண்டது. இருபது ஆண்டு நோய்க்கு இரண்டு ஆண்டுக் கெடு! நோயை ஒப்புக்கொண்டு நோயாளியை மறுக்கும் இந்த வரியைக் காப்பாற்றியது சுதந்திர இந்தியாவின் ஆளும் வர்க்கம். அதன் பிறகு வந்த மோடி அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு பாதுகாப்பைக் கூட்டவில்லை. மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் தொழிற்சாலை என்ற வரையறைக்கு வேண்டிய ஆள் எண்ணிக்கையை 10இலிருந்து 20ஆக உயர்த்தி, தூசு அதிகம் பறக்கும் சிறு கல்லுடைப்புப் பட்டறைகளை அந்த வரையறைக்கு வெளியே தள்ளியது.

வேறு வழியே இல்லையா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கும் தங்கம்; அங்கும் கறுப்பினத் தொழிலாளியின் நெஞ்சில் தழும்பு. சிலிகோசிஸும் காசநோயும் பீடித்த சுரங்கத் தொழிலாளர்கள் ஒன்றுதிரண்டு தொடுத்த கூட்டு வழக்கை 2016இல் உயர் நீதிமன்றம் ஏற்றது. 2018இல் பெரும் தங்கக் கம்பெனிகள் உடன்பாட்டுக்கு இறங்கின. 2019இல் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 500 கோடி ராண்ட் தொகை. 1965 முதல் அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களும், இறந்துபோனவர்களின் குடும்பங்களும் அதில் அடக்கம். அரை நூற்றாண்டுக்குப் பின்னோக்கிப் போக முடிந்தது அங்கே. இங்கே இரண்டு ஆண்டு.

இந்தியாவிலும் போராடிய இடங்களில் கதவு திறந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளிலிருந்து குஜராத்தின் கோத்ராவுக்குப் போய் வெங்கச்சங்கல் அரைத்துச் செத்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராஜஸ்தான் 2019இல் தூசு நுரையீரல் நோய்க்கெனத் தனிக் கொள்கை வகுத்தது: நோய் உறுதியானதும் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம், மாதாந்தர ஓய்வூதியம். 2006இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிலிகோசிஸ் தடுப்பைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் கொடுத்தது. தொகைகள் போதாதவை, பதினெட்டு ஆண்டு வழக்கு என்பதே ஒரு தண்டனை. ஆயினும், வேலை முடிந்தவுடன் பொறுப்பும் முடிந்தது என்ற வாதம் இவற்றால் உடைந்திருக்கிறது. நாட்டிலேயே இந்த நோய் முதலில் கணக்கெடுக்கப்பட்ட கோலார் தங்கவயல் இந்த வரிசையில் பின்தங்கி நிற்க எந்த நியாயமும் இல்லை.

மேட்டைக் கிளறுமுன்

தங்கவயல் தொழிலாளர்கள் எதையும் தானமாகப் பெற்றவர்கள் அல்லர். 1930இல் கைரேகைப் பதிவு என்ற அவமானத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து அதை முறியடித்தார்கள். 1940களில் கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்டுகள் அங்கே சங்கத்தைக் கட்டினார்கள். கூலி, பஞ்சப்படி, வேலைநேரம், வீடு ஒவ்வொன்றும் போராடி வாங்கியவை. நெஞ்சுக்கான கணக்கு மட்டும் தீர்க்கப்படாமல் நிற்கிறது. சுரங்கத்தோடு வேலை போனது. இன்று அவர்களின் பிள்ளைகள் விடிவதற்குமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய்த் திரும்புகிறார்கள். அப்பன் குடைந்த பாறையின் தூசை இன்னொரு முறை பிள்ளையும் பேரனும் மூச்சிழுக்க வேண்டுமா என்பதே பாலகாட்டிலிருந்து மாரிகுப்பம் வரை எழ வேண்டிய கேள்வி.

ஆகவே மண்மேடுகளில் முதல் இயந்திரம் இறங்குமுன் செய்ய வேண்டியவை இவை:

முன்னாள் சுரங்கத் தொழிலாளர் அனைவருக்கும், மேடுகளை ஒட்டி வாழ்வோருக்கும் மார்பு எக்ஸ்ரே, மூச்சுத் திறன் பரிசோதனை ஆகியவற்றுடன் முழுக் கணக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும். காசநோய் என்று எழுதி மூடப்பட்ட பழைய நோயேடுகளும் மறுபடி பார்க்கப்பட வேண்டும்.

ராஜஸ்தானைவிடக் குறையாத சிலிகோசிஸ் கொள்கையைக் கர்நாடக அரசு அறிவிக்க வேண்டும். தொழில் நோய்க்கு இரண்டு ஆண்டுக் கெடு என்பது ஒழிக்கப்பட வேண்டும். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் இழப்பீடு உண்டு.

மேடுகளின் மண்ணிலும் காற்றிலும் சிலிகாவின் அளவு எடுக்கப்பட்டு, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நனைத்துத் தோண்டுதல், மூடிய கடத்தல், தூசு அளவி ஆகியவை ஒப்பந்தத்தின் கட்டாய நிபந்தனைகளாக வேண்டும். அளவு மீறிய நாளில் வேலையை நிறுத்தும் அதிகாரம் படைத்த கண்காணிப்புக் குழுவில் தொழிற்சங்கமும் குடியிருப்போரும் இடம்பெற வேண்டும். பணம் கொடுப்பவனே முடிவைப் பூட்டிவைக்கும் சாரனாக் ஏரிக்கரை ஏற்பாடு இங்கே அனுமதிக்கப்படக் கூடாது.

எடுக்கப்படும் தங்கத்தின் மதிப்பில் ஒரு பங்கு, தொழில் நோய் மருத்துவர்களைக் கொண்ட மருத்துவமனைக்கும் நோயாளிகளின் ஓய்வூதியத்துக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும்.

இவற்றுக்கு இனி ஓர் எலிகூடச் சாக வேண்டிய அவசியம் இல்லை. ஆதாரம் போதும். முயலின் நெஞ்சும் எலியின் நெஞ்சும் சொன்னதைக் கோலார் தொழிலாளியின் நெஞ்சு முன்பே சொல்லிவிட்டது. அதை அரசின் ஏட்டில் ஏற்றவைக்கும் வலிமை சங்கத்திடமும் திரண்ட மக்களிடமும்தான் இருக்கிறது. தங்கவயலின் ஒவ்வொரு லைன் வீட்டிலிருந்தும் அந்தக் கணக்கெடுப்பைத் தொடங்குவது கட்சித் தோழர்களின் கடமை. அரசு எண்ண மறுத்தால், சங்கம் எண்ணட்டும்.